அத்தியாயம் 7: நிங்கலூ கடற்கரையில் காரும் கூடாரமும்

மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகர் பெர்த்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர் போனால் எக்ஸ்மவுத் வரும். ஊரைத் தாண்டி முனையைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரைக்குத் திரும்பினால், ஒரு பக்கம் கேப் ரேஞ்ச் என்னும் சுண்ணாம்புக்கல் குன்றுத்தொடர், மறுபக்கம் இந்தியப் பெருங்கடல், நடுவே ஒரே ஒரு தார்ச்சாலை. அந்தச் சாலையை ஒட்டிய கடலில்தான் நிங்கலூ பவளத்திட்டு கிடக்கிறது. நீளம் சுமார் 260 கிலோமீட்டர். 2011இல் யுனெஸ்கோ இந்தக் கரையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சில இடங்களில் திட்டு கரையிலிருந்து சில நூறு மீட்டரிலேயே தொடங்கிவிடுவதால், படகு இல்லாமல் நீந்திப்போயே ஆமையையும் திருக்கையையும் பார்த்துவிடலாம். கரையில் கங்காருவும் ஈமுவும் கூடாரத்தைக் கடந்து நடக்கும்.

ஆனால் இந்தக் கரையில் கடை கிடையாது, குடிநீர்க் குழாய் கிடையாது, பெரும்பகுதியில் கைபேசிச் சிக்னலும் கிடையாது. அதனால் பயணம் நல்லபடி அமையுமா என்பது எக்ஸ்மவுத்தை விட்டுக் கிளம்பும் முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

எந்த மாதம்

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கூடாரத்துக்கு ஏற்ற காலம். பகல் வெயில் தாங்கும்படி இருக்கும். ஜூன், ஜூலை இரவுகளில் கம்பளி வேண்டியிருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம். 1999 மார்ச் 22இல் வந்த வான்ஸ் புயலின்போது எக்ஸ்மவுத்துக்குத் தெற்கே லியர்மன்த்தில் மணிக்கு 267 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது. கூடாரத்தில் இருப்பவருக்கு வேறு எச்சரிக்கை தேவையில்லை.

எந்த உயிரினத்தைப் பார்க்க விருப்பமோ அதைப் பொறுத்தும் மாதம் மாறும்:

- திமிங்கலச் சுறா: மார்ச் முதல் ஜூலை வரை.
- கூன்முதுகுத் திமிங்கலம்: ஜூன் கடைசி முதல் நவம்பர் தொடக்கம் வரை.
- ஆமை முட்டையிடல்: நவம்பர் முதல் மார்ச் வரை. குஞ்சுகள் வெளிவருவது ஜனவரிக்குப் பின்.
- கொம்புத் திருக்கை: ஆண்டு முழுவதும், தெற்கே கோரல் பே பக்கம்.

ஒரே பயணத்தில் சுறாவும் திமிங்கலமும் வேண்டுமென்றால் ஜூன் கடைசியும் ஜூலையும்தான் வழி. அப்போது உள்ளூர்ப் பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். கூட்டத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு மே மாதம் சிறந்தது.

முன்பதிவும் ஆவணங்களும்

கேப் ரேஞ்ச் தேசியப் பூங்காவில் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தித் தூங்க முடியாது. ஆஸ்ப்ரே பே, குராஜாங், மீசா, யார்டி க்ரீக் போன்ற குறிக்கப்பட்ட முகாம்களில், பதிவு செய்த இடத்தில் மட்டுமே தங்கலாம்.

1. மாநில அரசின் பார்க் ஸ்டே இணையதளத்தில் 180 நாள் முன்பே பதிவு திறக்கும். ஜூலைக்கு வேண்டுமென்றால் ஜனவரியிலேயே உட்கார வேண்டும். திறந்த சில நிமிடங்களில் நல்ல இடங்கள் போய்விடும்.
2. முகாமின் அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில இடங்கள் பெரிய கேரவன்களுக்கானவை. சிறிய கூடாரத்தோடு அங்கே போனால் ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே தூங்க நேரலாம்.
3. முதல் இரவையும் கடைசி இரவையும் எக்ஸ்மவுத் ஊருக்குள் உள்ள கேரவன் பூங்காவில் வைத்துக்கொள்வது நல்லது. குளியலும் துணி துவைப்பும் அங்கேதான்.
4. ஆங்கிலத்தில் உள்ள இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சுற்றுலாப் பயணி ஓட்டலாம். ஆனாலும் வாடகை நிறுவனங்கள் சில பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கேட்கும், எடுத்துப்போவதில் நட்டமில்லை. இந்தியாவைப் போல இங்கும் இடப்பக்கம் ஓட்டுவதால் கைக்குப் பழக்கம்தான்.
5. பூங்கா நுழைவுக் கட்டணம் வேறு, முகாம் கட்டணம் வேறு. ஒன்றைச் செலுத்தியதால் மற்றது தீர்ந்துவிடாது.

வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும். ஒன்று, ஊருக்கு வெளியே இரவில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்பது. மற்றொன்று, தார் போடாத சாலையில் ஓட்டத் தடை. முகாம்களுக்குள் போகும் கிளைப்பாதைகள் பல சரளைப் பாதைகளே. பதிவு செய்யும்போதே நிறுவனத்திடம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைப்பது பின்னால் சண்டையைத் தவிர்க்கும்.

எந்த வண்டி

யார்டி க்ரீக் வரை தார்ச்சாலை உண்டு. சாதாரண காரே போதும். பூங்காவின் பெரும்பாலான முகாம்களுக்கு ஃபோர் வீல் டிரைவ் அவசியம் என்று நினைத்து இரட்டிப்பு வாடகை கொடுப்பது பலரும் செய்யும் வீண்செலவு. யார்டி க்ரீக்கைத் தாண்டித் தெற்கே மணலில் இறங்கத் திட்டமிருந்தால்தான் அது தேவை.

பின் இருக்கைகளை மடக்கிப் படுப்பதென்றால், வாடகைக்கு எடுக்கும் இடத்திலேயே ஒருமுறை உள்ளே படுத்துப் பார்க்க வேண்டும். உயரமானவருக்குக் கால் நீட்ட இடமில்லை என்பது முகாமில் தெரியவந்தால் பயனில்லை. சன்னலுக்குக் கொசுவலைத் துணியும், விடியல் வெளிச்சத்தைத் தடுக்கத் திரையும் வேண்டும்.

வண்டியில் கட்டாயம் இருக்க வேண்டியவை: முழு அளவு மாற்று டயர், ஜாக், காற்றழுத்தமானி, 12 வோல்ட் காற்றடிக்கும் பம்பு, பேட்டரிக்கு உயிர் கொடுக்கும் ஜம்ப் ஸ்டார்ட்டர், தலையில் மாட்டும் விளக்கு. குளிர்ப்பெட்டியை வண்டியின் ஒரே பேட்டரியில் இரவு முழுக்க ஓடவிட்டால் காலையில் என்ஜின் எழும்பாது. இரண்டாவது பேட்டரி இல்லாத வண்டியில் ஐஸ் கட்டி போட்ட பெட்டியே மேல்.

தண்ணீர்க் கணக்கு

முகாம்களில் குடிநீர் இல்லை. மொத்தத் தண்ணீரையும் எக்ஸ்மவுத்திலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, உப்பைத் துடைக்க எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 8 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இருவர் நான்கு நாள் தங்கினால் 64 லிட்டர். வண்டி பழுதானால் காத்திருக்க 20 லிட்டர் தனி. ஆக 84 லிட்டர். எடையும் ஏறக்குறைய அதே கிலோ.

இவ்வளவு எடையை வண்டியின் பின்கதவோரம் வைத்தால் முன்சக்கரத்தின் பிடி குறையும். கேன்களைத் தரையோடு, பின் அச்சுக்கு முன்னால் வைத்துப் பட்டையால் கட்ட வேண்டும். ஒரே பெரிய பீப்பாயில் எல்லாவற்றையும் ஊற்றுவது தவறு. ஒரு விரிசல் விட்டால் மொத்தமும் போய்விடும். 10 லிட்டர், 20 லிட்டர் கேன்களாகப் பிரித்து, காத்திருப்புக்கான கேனுக்குச் சிவப்பு நாடா கட்டி, அதைத் தொடாமல் திரும்பக் கொண்டுவருவதே முறை.

குறிப்பு: பாத்திரத்தை முதலில் கடல் மணலும் கடல்நீரும் கொண்டு தேய்த்து, கடைசியில் ஒரு குவளை நல்ல நீரில் அலசினால் தண்ணீர்ச் செலவு பாதியாகும். சோப்பு நுரை கடலில் கலக்கக் கூடாது.

உணவும் அடுப்பும்

விறகுத் தீக்குப் பூங்காவில் அனுமதி இல்லை. சிறிய கேஸ் அடுப்புதான். காற்று பலமாக வீசும் கரை என்பதால் அடுப்பைச் சுற்றி மறைப்புத் தகடு இல்லாமல் சோறு வேகாது. காருக்குள்ளோ மூடிய கூடாரத்துக்குள்ளோ அடுப்பு பற்றவைப்பதை எந்தக் காரணத்துக்கும் செய்யக் கூடாது; வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

நம் சமையல் இந்த இடத்துக்கு வசதியானது. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ரசப்பொடி, அவல் ஆகியவற்றுக்குக் குளிர்ப்பெட்டி வேண்டாம், தண்ணீரும் அதிகம் வேண்டாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வருபவர் ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் எல்லா உணவுப் பொருளையும் படிவத்தில் அறிவிக்க வேண்டும். பழம், பச்சைக் காய்கறி, கறிவேப்பிலைக் கொத்து இவற்றை வீட்டிலேயே விட்டுவர வேண்டும். அறிவிக்காமல் பிடிபட்டால் அபராதம் கடுமையானது. அறிவித்த பிறகு அதிகாரி எடுத்துக்கொண்டால் பொருள் மட்டுமே நட்டம். கிழக்கு மாநிலங்களிலிருந்து காரில் வருபவர்களுக்கும் மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் பழம், தேன் சோதனை உண்டு.

பெர்த்திலிருந்து எக்ஸ்மவுத்துக்கு

இரண்டு ஓட்டுநர்கள் இருந்தால் இரண்டு நாளில் முடியும். ஒருவர் மட்டும் ஓட்டினால் மூன்று நாள் ஒதுக்குவதே சரி: முதல் நாள் ஜெரால்ட்டன், சுமார் 420 கிலோமீட்டர்; இரண்டாம் நாள் கார்நார்வன், சுமார் 480; மூன்றாம் நாள் எக்ஸ்மவுத், சுமார் 365. விமானத்தில் வருபவர் லியர்மன்த் நிலையத்தில் இறங்கி எக்ஸ்மவுத்தில் வண்டி எடுக்கலாம்.

வரைபடத்தில் நேர்க்கோடாகத் தெரியும் இந்தச் சாலையில் மூன்று ஆபத்துகள்.

முதலாவது, அந்தி. கங்காருவும் ஈமுவும் சாலையோரம் மேய வரும் நேரம் அது. சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே வண்டியை நிறுத்திவிடுவது நல்ல வழக்கம். விலங்கு குறுக்கே பாய்ந்தால் நேராகப் பிரேக் பிடிக்க வேண்டும்; ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பினால் வண்டி உருளும். பெருஞ்சேதம் பெரும்பாலும் இப்படித் திருப்புவதால் வருவதுதான்.

இரண்டாவது, ரோடு ட்ரெய்ன் எனப்படும் தொடர் லாரிகள். 36 மீட்டர் முதல் 53 மீட்டர் வரை நீளம் இருக்கும். முந்துவதற்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் வெற்றுச் சாலை கண்ணில் பட வேண்டும். எதிரே வந்தால் இடப்பக்க விளிம்புக்குச் சற்று ஒதுங்கி, ஸ்டீயரிங்கை இறுகப் பிடிக்க வேண்டும். கடக்கும் கணத்தில் காற்று வண்டியைத் தள்ளும்.

மூன்றாவது, எரிபொருள். நிலையங்களுக்கு நடுவே நூறு, இருநூறு கிலோமீட்டர் இடைவெளி சாதாரணம். டேங்க் பாதிக்குக் கீழே இறங்கினால் அடுத்து வரும் நிலையத்தில் நிரப்பிவிட வேண்டும், விலை என்னவாக இருந்தாலும். எக்ஸ்மவுத்திலிருந்து பூங்காவின் தென்முனையான யார்டி க்ரீக் சுமார் 90 கிலோமீட்டர். போய்வரவும் அன்றாட உலாவுக்கும் சேர்த்து நான்கு நாளில் 300 முதல் 400 கிலோமீட்டர் ஓடும். பூங்காவுக்குள் பங்க் இல்லை.

மழைக்குப் பின் சாலைகள் மூடப்படும். சாலையில் நீர் ஓடினால் ஆழம் தெரியாமல் இறங்கக் கூடாது.

முகாம் அமைத்தல்

பகல் மூன்று மணிக்குள் முகாமை அடைவது முதல் விதி. பிறகு:

1. எண்ணைச் சரிபார்த்துப் பதிவு செய்த இடத்தில் நிறுத்த வேண்டும். பருவ காலத்தில் தன்னார்வலர் ஒருவர் முகாமிலேயே தங்கி உதவுவார். வந்ததும் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் கடலின் அன்றைய நிலையும் தெரியும்.
2. காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும். பிற்பகலில் வலுக்கும். காரைக் காற்றுக்கு எதிர்ப்புறச் சுவராக நிறுத்தி, அதன் மறைவில் கூடாரமும் அடுப்பும் வர வேண்டும்.
3. மேல்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. மெல்லிய கம்பி முளைகள் வளைந்துவிடும். தடித்த எஃகு முளையும் சுத்தியும் தேவை. மணற்பாங்கான இடத்தில் அகலமான மணல் முளை.
4. இறக்கிய சாமான்களில் உணவு அனைத்தையும் திரும்பக் காருக்குள் பூட்ட வேண்டும். டிங்கோ நாய், காகம், எறும்பு மூன்றுக்கும் ஒரே தீர்வு இதுதான்.
5. செருப்பு, காலணிகளைக் கூடாரத்துக்குள் வைத்து, காலையில் தட்டிய பிறகே போட வேண்டும்.
6. இருட்டும் முன் கழிப்பறைக்குப் போகும் வழியை நடந்து பார்த்துவிட வேண்டும். இங்குள்ளவை தண்ணீர் இல்லாத குழிக் கழிப்பறைகள், குளியலறை கிடையாது.

காருக்குள் தூங்குபவர் இரண்டு சன்னல்களை இரு விரல் அளவு திறந்து வைக்க வேண்டும். ஏசிக்காக என்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது உயிராபத்து.

கரையில் விலங்குகளைப் பார்த்தல்

விலங்குகளைத் தேடி அலைபவரைவிட, ஒரே இடத்தில் அமர்ந்திருப்பவருக்கே இந்தக் கரை அதிகம் காட்டும். நின்றிருக்கும் காரை விலங்குகள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை; கதவைத் திறந்து ஆள் இறங்கினால்தான் ஓடும். விடியலுக்கு அரைமணி முன்பு, என்ஜினை அணைத்து, சன்னலை இறக்கி, குன்றைப் பார்த்து அமர்ந்தால் செங்கங்காருக்கள் தாழ்வான புதர்களுக்கு இடையே மேய்வது தெரியும். பின்னால் குஞ்சுகள் தொடர ஓர் ஈமு நடந்தால் அது தந்தை. முட்டை அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் வேலை. அப்போது அருகே போனால் உதைக்கத் தயங்காது.

யார்டி க்ரீக்கின் செங்குத்துப் பாறை இடுக்குகளில் கரும்பக்கப் பாறை வாலபி என்னும் சிறு கங்காரு இனம் வாழ்கிறது. வெயில் ஏறும் முன் மறுகரைப் பாறையைத் தொலைநோக்கியால் அங்குலம் அங்குலமாகத் துழாவ வேண்டும். பாறையின் நிழல் திடீரென்று வாலாட்டினால் அதுதான். நடைபாதைக்கு ஆளுக்குக் குறைந்தது 2 லிட்டர் தண்ணீர் எடுத்துப்போக வேண்டும். பள்ளத்தாக்குக்குள் காற்று நுழைவதில்லை. பாறை அனலை உமிழும்.

திமிங்கலங்களைப் பார்க்க 1912இல் கட்டப்பட்ட விளாமிங் ஹெட் கலங்கரை விளக்கக் குன்று நல்ல இடம். பவளத்திட்டின் வெள்ளை நுரைக்கோட்டுக்கு அப்பால் மூச்சுத் தூவானத்தைத் தேட வேண்டும். பெரண்டி உடும்பு முகாமுக்குள்ளேயே வரும். ஆஸ்திரேலியாவின் பெரிய பல்லியினம் அது. இரண்டு மீட்டரைத் தாண்டும். வழிவிட்டு நின்றால் தன்பாட்டில் போய்விடும்.

எந்த விலங்குக்கும் உணவு போடக் கூடாது. கையிலிருந்து தின்னப் பழகிய டிங்கோ அடுத்த வாரம் ஒரு குழந்தையின் கையைக் கடிக்கும். பிறகு சுடப்படுவது அந்த நாய்தான்.

சங்கு, கிளிஞ்சல் பொறுக்கும் ஆசையையும் அடக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட வலயங்களில் அது குற்றம்; மீன்பிடித்தலும் அங்கே தடை. இந்தக் குன்றுத்தொடரின் மண்டு மண்டு குகையில் 30,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் கோத்த கூம்புச் சங்கு மணிகள் கிடைத்திருக்கின்றன. இந்த நிலத்தின் பாரம்பரிய உரிமையாளர்களான பழங்குடியினர் இன்றும் பூங்கா நிர்வாகத்தில் பங்கேற்கிறார்கள்.

ஆமை முட்டையிடும் இரவு

பேராமை, பெருந்தலை ஆமை, அழுங்காமை மூன்றும் இங்கே கரையேறுகின்றன. முதல்முறை போகிறவர் கலங்கரை விளக்கத்துக்கு அருகிலுள்ள ஜுராபி ஆமை மையத்தின் வழிகாட்டியோடு போவதே நல்லது. தனியாகப் போவதென்றால்:

1. விளக்கு எதுவும் கூடாது. கைபேசித் திரையும் விளக்குதான். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் நிற்க வேண்டும்.
2. அலை தொடும் ஈரமணலில் மட்டும் நடக்க வேண்டும். உலர்மணலில் நடந்தால் புதைந்த முட்டைக்கூடு நசுங்கும்.
3. ஆமை கடலிலிருந்து ஏறிவருவதைக் கண்டால் அப்படியே அமர்ந்துவிட வேண்டும். குறைந்தது 15 மீட்டர் விலகியிருக்க வேண்டும்.
4. ஆமையின் பின்புறத்தில் மட்டுமே இருக்க வேண்டும். முன்னால் போனால் முட்டையிடாமலே திரும்பிவிடும்.
5. குஞ்சுகளைத் தூக்கிக் கடலில் விடுவது உதவி அல்ல. அவை தாமாக நடந்தே போக வேண்டும்.

கடலில் இறங்கும் முன்

பூங்காவுக்குள் போகும் வழியில் மில்யரிங் தகவல் மையம் இருக்கிறது. அன்றைய ஏற்றவற்ற நேரம், காற்று, நீரோட்டம் மூன்றையும் அங்கே கேட்காமல் யாரும் நீரில் இறங்கக் கூடாது. ஸ்நார்க்கல் கருவிகளும் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். காற்று எழும் முன், காலைதான் ஏற்ற நேரம். ஆயிஸ்டர் ஸ்டாக்ஸ் என்னுமிடத்தில் நீர்மட்டம் 1.2 மீட்டருக்கு மேல் ஏறிய பிறகே இறங்க வேண்டும். வற்றத்தில் இறங்கினால் வயிறு பவளத்தில் உரசும், பவளமும் உடையும்.

அதிகம் பேர் போவது டர்க்காய்ஸ் பே. அழகும் ஆபத்தும் ஒரே நீரோட்டத்தால் வருகின்றன. வெளிக்கடல் அலை திட்டைத் தாண்டி நீரை உள்ளே கொட்டுகிறது; உள்ளே சேர்ந்த நீர் திட்டிலுள்ள இடைவெளி வழியே மீண்டும் வெளியேறுகிறது. அந்த ஓட்டத்தில் மிதந்தபடியே பவளத்தைப் பார்க்கலாம். சரியான இடத்தில் கரையேறாவிட்டால் அது வெளிக்கடலுக்கே இழுத்துச்செல்லும். இங்கே உயிர்கள் போயிருக்கின்றன.

1. மிதவைப் பகுதிக்கான வாகன நிறுத்தத்திலிருந்து கரைக்கு வந்து, கரையோரமாகத் தெற்கே சுமார் 300 மீட்டர் நடக்க வேண்டும்.
2. நீரில் இறங்கும் முன் வடக்கே நீண்டிருக்கும் மணல்திட்டைப் பார்த்து மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அதுதான் எல்லை.
3. சில பத்து மீட்டர் உள்ளே நீந்தி, உடலை ஓட்டத்துக்கு விட்டுவிடலாம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கிக் கரையைப் பார்க்க வேண்டும்.
4. மணல்திட்டை நெருங்கும் முன்பே, இன்னும் தூரம் இருக்கிறது என்று தோன்றும்போதே, கரைக்கு நீந்த வேண்டும்.
5. கடந்துவிட்டால் ஓட்டத்தை எதிர்த்து நீந்தக் கூடாது. அமைதியாக மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும்.

அலை உயர்ந்த நாளில் ஓட்டமும் வலுக்கும். அன்று அடுத்துள்ள அமைதியான குடாப் பகுதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நீச்சல் நன்றாகத் தெரியாதவர்க்கு எந்த நாளிலும் அந்தக் குடாதான்.

திமிங்கலச் சுறாவோடு நீந்துவது உரிமம் பெற்ற படகுகளில் மட்டும். மேலே பறக்கும் சிறு விமானம் சுறாவைக் கண்டுபிடித்துப் படகுக்குச் சொல்லும். ஒரு நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் நீரில் இறங்க மாட்டார்கள். உடலிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். தொடவும் ஃபிளாஷ் அடிக்கவும் கூடாது.

ஆழமற்ற நீரில் பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடந்தால் திருக்கை விலகிப்போகும். கல்மீனுக்காகத் தடித்த அடியுள்ள ரப்பர்க் காலணி. கூம்புச் சங்கையும் நீலவளையக் கணவாயையும் எவ்வளவு அழகாக இருந்தாலும் கையால் தொடக் கூடாது. நீளக்கைச் சட்டை வெயிலுக்கும் நல்லது, சொறிமீனுக்கும் நல்லது.

யார்டி க்ரீக்குக்குத் தெற்கே

தார்ச்சாலை இங்கே முடிகிறது. ஓடையின் முகத்துவாரத்தைக் கடந்து தெற்கே போவது ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு மட்டும், அதுவும் அனுபவம் உள்ளவருக்கு மட்டும். முகத்துவார மணல் நாளுக்கு நாள் மாறும். முதலில் மில்யரிங்கில் கேட்டு, பிறகு வற்றத்தில், முழுப் பாதையையும் காலால் நடந்து பார்த்த பிறகே வண்டி இறங்க வேண்டும். நடக்கும்போது கால் புதைந்தால் வண்டியும் புதையும். தனி வண்டியாகப் போவதைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

தார்ச்சாலையில் 36 பிஎஸ்ஐ இருக்கும் டயர் காற்றை மணலில் 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்க வேண்டும். புதைந்தவர்களில் பாதிப்பேர் காற்றை இறக்கச் சோம்பல்பட்டவர்கள்தாம். சக்கரம் சுழன்று நின்றுவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழி ஆழமாகும். இறங்கி, சக்கரத்தின் முன்னும் பின்னும் மணலை வாரி, மீட்புப் பலகைகளைச் செருகி, மெல்ல வந்த தடத்திலேயே பின்னால் எடுக்க வேண்டும். இன்னொரு வண்டி இழுப்பதென்றால் கயிற்றை ட்ரெய்லர் மாட்டும் உருண்டையில் ஒருபோதும் மாட்டக் கூடாது. அது முறிந்து குண்டுபோல் பாய்ந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. இழுக்கும்போது எவரும் கயிற்றின் அருகே நிற்கக் கூடாது.

ஆபத்து நேர்ந்தால்

அவசர எண் 000. ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் அது வெறும் எண். ஆகவே செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் கையடக்க அவசரக் கருவி ஒன்றை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ, காருக்குள் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வைக்க வேண்டும். எக்ஸ்மவுத்தில் மருத்துவமனை உண்டு. நிலைமை மோசமானால் பறக்கும் மருத்துவர் சேவை பெர்த்துக்குக் கொண்டுசெல்லும்.

வண்டி நின்றுவிட்டால்: வண்டியை விட்டு நடந்து போகக் கூடாது. காரைத் தேடுவது எளிது, மனிதனைத் தேடுவது கடினம். நிழலில் இருந்து சிவப்பு நாடா கேனைத் திறக்கலாம்.

பாம்பு கடித்தால்: திரைப்படங்களில் காட்டுவதுபோல் இறுகக் கட்டுவதும் கீறி உறிஞ்சுவதும் தீங்கு. ஆஸ்திரேலியப் பாம்புகளுக்கான முறை வேறு. கடிவாயைக் கழுவாமல், அகலமான மீள்கட்டால் கை அல்லது கால் முழுவதையும் சுற்றி, கட்டை வைத்து அசையாமல் செய்து, ஆளை நடக்கவிடாமல் உதவி வரும்வரை படுக்கவைக்க வேண்டும். கூம்புச் சங்குக்கும் நீலவளையக் கணவாய்க்கும் இதே கட்டுதான். மூச்சு நின்றால் செயற்கை மூச்சு தொடர வேண்டும்.

கல்மீன், திருக்கை முள் குத்தினால்: தோல் வேகாத, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அமிழ்த்த வேண்டும்.

சொறிமீன் தீண்டினால்: வினிகரை ஊற்ற வேண்டும், ஒரு புட்டி எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

முகாமைக் கலைத்தல்

காலை காற்று எழும் முன் கூடாரத்தை மடிப்பது எளிது. குப்பை முழுவதையும் கட்டி எக்ஸ்மவுத்துக்கே கொண்டுவர வேண்டும், மற்றவர் விட்டுப்போன ஒன்றிரண்டையும் சேர்த்து. மணலில் ஓட்டியவர் தார் ஏறியதும் டயரில் காற்றை மறுபடி ஏற்ற வேண்டும். 18 பிஎஸ்ஐயில் நெடுஞ்சாலை வேகம் போனால் டயர் சூடேறி வெடிக்கும். ஊருக்கு வந்ததும் வண்டியின் அடிப்பகுதியை நல்ல நீரால் பீய்ச்சிக் கழுவுவது உப்பை நீக்கும்.

பிறகு டேங்கை நிரப்ப வேண்டும். வழியில் கோரல் பேக்குக் கிளை பிரிந்து போகாதவருக்கு, எக்ஸ்மவுத்தை விட்டால் அடுத்த பங்க் மினிலியாவில், 220 கிலோமீட்டருக்கு அப்பால்.